மாநிற முகத்துக்குக் கெமிக்கல் பீல் போடலாமா?

கேள்வி, 9 ஆகஸ்ட் 2024

அக்கா, எனக்குத் தை மாதம் கல்யாணம். கன்னத்தில் பரு வந்து போன கருப்புப் புள்ளிகள் நிறைய இருக்கின்றன. தாடையோரம் இன்னும் பரு வந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்துப் பார்லரில் ஆறு சிட்டிங் கெமிக்கல் பீல் பேக்கேஜ் சொல்கிறார்கள், மாசு மறு இல்லாமல் ஆகிவிடும் என்கிறார்கள். சித்தியோ ஆசிட்டை முகத்தில் ஊற்றுகிற வேலை, கிட்டப் போகாதே என்கிறார். நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கருப்பு. போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (திருநெல்வேலியிலிருந்து)

9 ஆகஸ்ட், இரவு

ஒரே வார்த்தை: பொறு.

பரு இன்னும் வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பரு அடங்காத முகத்தில் பழைய கறையை மட்டும் எடுத்துப் பயனில்லை. இந்த மாதம் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் புதுக் கறை வந்து நிற்கும். முதலில் பரு, அப்புறம் கறை. தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அது நல்ல அவகாசம். பார்லரில் முன்பணம் மட்டும் கட்டிவிடாதேம்மா.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும். பரு இருக்கும்போதே போடுகிற பீலும் உண்டு. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் இறங்கி வேலை செய்யும். தோல் டாக்டர்கள் 20 முதல் 30 சதவீதத்தில் அதைப் பருவுக்கே போடுகிறார்கள். ஆகவே பரு இருந்தால் பீலே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீழ் வைத்து, வீங்கி, தொட்டால் வலிக்கிற பருக்கள் முகமெங்கும் இருந்தால் முதலில் மருந்தால் அடக்க வேண்டும். அங்கங்கே துவாரம் அடைத்த கரும்புள்ளியும் (பிளாக்ஹெட்) சின்னப் பருவும் என்றால், மருந்தோடு சேர்த்துச் சாலிசிலிக் போடலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

சித்தியின் பயத்துக்கு வருகிறேன். பீல் என்பது அளந்து செய்கிற காயம். அமிலம் தோலின் மேலடுக்கைக் கழற்றுகிறது, அடியிலிருந்து புதுத் தோல் வளர்கிறது. எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளைக்காலிக், லாக்டிக், மேன்டெலிக், சாலிசிலிக் ஆகியவை பெரும்பாலும் மேலடுக்கோடு நிற்கும். டிசிஏ எனப்படும் ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிட் 35 சதவீதத்துக்குப் போனால் நடு ஆழம். ஃபீனால் அதற்கும் கீழே போகும், உடம்பு அதை உறிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்பதால் மானிட்டர் வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். உன் பார்லர் பெண்ணிடம் கேள்: இதில் எந்த ஆசிட், எத்தனை சதவீதம், பிஎச் எவ்வளவு? பதில் வருகிறதா என்று பார்.

பிஎச் என்பது அமிலத்தின் கடுமையைக் காட்டும் எண், அது குறையக் குறையக் கடுமை கூடும். அது எதற்கு என்றால், 30 சதவீதம் என்று பாட்டிலில் போட்டிருப்பது பாதிக் கதைதான். அதே 30 சதவீதக் கிளைக்காலிக், பிஎச் குறைவாக இருந்தால் ஆழமாகப் போகும், பிஎச் கூட இருந்தால் மெதுவாகப் போகும்.

10 ஆகஸ்ட், மாலை

நம் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். இதுதான் முக்கியமான இடம்.

நிறமியை உண்டாக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நமக்கு அவை அதிகமாக வேலை செய்கின்றன. வெயில் பட்டாலும் வேலை செய்யும், கொசு கடித்தாலும் செய்யும், காயம் பட்டாலும் செய்யும். வெள்ளைத் தோலில் பீல் கொஞ்சம் அதிகமானால் சில நாள் சிவந்து ஆறிவிடும். நமக்கு அதே இடத்தில் கருப்புத் திட்டு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கறையைப் போக்கப் போன இடத்தில் அதைவிடப் பெரிய கறை.

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தோலை வெயிலுக்கு அது நடந்துகொள்ளும் விதத்தை வைத்து வகை பிரித்தார். அல்ட்ரா வயலட் சிகிச்சையில் எவ்வளவு ஒளி கொடுக்கலாம் என்று கணக்கிடத்தான் அது வந்தது. முதலில் நான்கு வகைகள், மாநிறத்துக்கும் கருப்புக்கும் உரிய ஐந்தும் ஆறும் பிறகு சேர்ந்தன. தமிழர்கள் பெரும்பாலும் நான்கிலும் ஐந்திலும் வருவோம், சிலர் ஆறில். இந்த வகைகளுக்கு மேலோட்டமான பீல் சரியான கையில் பாதுகாப்பானது. நடு ஆழத்துக்கு நிறைய யோசிக்க வேண்டும். ஃபீனால் நமக்கு வேண்டாம்.

அதனால் யூடியூபில் வெள்ளைக்காரப் பெண் பாம்புச் சட்டை உரிப்பது மாதிரி முகத்தை உரித்துக் காட்டினால், அதை உனக்கு என்று எடுத்துக்கொள்ளாதே. நமக்குத் தோல் உரியாமலே, லேசாகப் பொடிப்பொடியாக உதிர்ந்து முடிந்தாலும் பீல் வேலை செய்துதான் இருக்கும்.

11 ஆகஸ்ட்

நீங்கள் போட்டீர்களா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போட்டேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. பால்குடி மறந்த பிறகும் போகவில்லை. பீல் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் அன்று போடவில்லை. என்ன க்ரீம் தடவுகிறாய், கருத்தடை மாத்திரை எடுக்கிறாயா, வெயிலில் எவ்வளவு நேரம், முகத்தை எதனால் தேய்த்துக் கழுவுகிறாய், வாய் ஓரத்தில் எப்போதாவது கொப்புளம் வருமா, அடிபட்ட இடத்தில் தழும்பு தடித்து வளருமா என்று நிறையக் கேட்டார். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு ஒன்றை முகத்தில் அடித்துப் பார்த்தார். மேலடுக்கில் இருக்கிற கருமை அந்த வெளிச்சத்தில் இன்னும் தூக்கலாகத் தெரியும், ஆழத்தில் இருப்பது அப்படித் தெரியாது. நல்ல கருப்புத் தோலில் அந்த விளக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்பதால் ஒரு பூதக்கண்ணாடிக் கருவியையும் வைத்துப் பார்த்தார்.

அப்புறம் காலையில் சன்ஸ்கிரீன், ராத்திரி ஒரு க்ரீம், சில வாரம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரங்களிலேயே பாதி மங்கு வெளுத்துவிட்டது. இதைத் தோலைத் தயார் செய்வது என்பார்கள். பீலுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் போன்ற மருந்தைக் கொடுத்து நிறமிச் செல்களை அடக்கி வைப்பது. ட்ரெட்டினாயினைப் பீலுக்குச் சில நாள் முன்னால் நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆசிட் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும்.

நம் நிறத்துக்கு இந்தத் தயாரிப்பு இல்லாமல், போன முதல் நாளே பீல் போடுகிறேன் என்கிற இடத்தில் எழுந்து வந்துவிடலாம். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

13 ஆகஸ்ட்

ஆன்லைனில் டிசிஏ பாட்டில் கிடைக்கிறது, வீட்டிலேயே போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சென்ற மாதக் கடைசியில்தான் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. டிசிஏ, கிளைக்காலிக், சாலிசிலிக், லாக்டிக் ஆகியவற்றை அதிக அடர்த்தியில் விற்கிற பீல்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம் என்று. தீக்காயம், தொற்று, தழும்பு எல்லாம் வரலாம்.

வீட்டில் ஆசிட் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் கிளைக்காலிக் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல், பிஎச் 3.5க்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும். அழகுப்பொருள்களில் சேர்க்கும் பொருள்களை ஆராய்கிற அமெரிக்க நிபுணர் குழு பொதுமக்களுக்கு வகுத்த எல்லை அது.

எலுமிச்சைச் சாறு இயற்கையான பீல்தானே என்றும் எழுதியிருந்தாய். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருக்கும். இயற்கை என்பதால் அது விட்டுவிடாது.

15 ஆகஸ்ட்

லீவு. உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் எந்தப் பீல் நல்லது என்றே கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், முகத்தில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போ, பகல் வெளிச்சத்தில் பார்.

தட்டையாக, பழுப்பாக, பரு இருந்த இடத்தில் மட்டும் இருக்கிறதா? அது பரு ஆறிய கறை. பீலுக்கு நன்றாக மசிகிற சமாச்சாரம் இது. ஆனால் சும்மா விட்டாலே பல மாதங்களில் தானாக மங்கும், சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் போட்டால் சீக்கிரம் மங்கும். பீல் அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். சாம்பலும் நீலமும் கலந்த கருப்பா? நிறமி ஆழத்தில் விழுந்துவிட்டது. மேலோட்டமான பீல் அங்கே எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று ஆழமாகப் போட்டால் நம் தோல் சும்மா இருக்காது.

குழியா? விரலால் தோலைப் பக்கவாட்டில் லேசாக இழுத்துப் பார். இழுத்தால் மறைகிற அகலமான பள்ளங்களுக்கு மேலோட்டமான பீலால் பெரிய பயன் இல்லை. அவற்றுக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை விடுவிப்பது, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஊசி குத்தியது போன்ற ஒடுக்கமான ஆழக் குழிக்கு ஒரு முறை உண்டு. டிசிஏவை 65 அல்லது 100 சதவீதத்தில் எடுத்துக் கூரான குச்சி முனையால் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பது. கொரிய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட முறை அது. முகம் முழுக்கப் பூசுவது இல்லை, ஒவ்வொரு குழியிலும் ஒரு புள்ளி. அதிலும் கருமை விழ வாய்ப்பு இருக்கிறது, கை பழகியவர் செய்ய வேண்டும்.

பின்கழுத்தும் அக்குளும் நெற்றியோரமும் கருத்து, தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருக்கிறதா? இது நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது! தேய்த்துக் குளிக்கத் தெரியவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். அது அழுக்கு அல்ல. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியவில்லை என்பதற்கு அடையாளமாக வருவது. பீல் போடப் போகும் முன் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள். மாதவிலக்குத் தள்ளிப் போகிறது, தாடையில் முடி வளர்கிறது, பருவும் அடங்கவில்லை என்றால் சினைப்பை நீர்க்கட்டியா என்றும் பார்க்க வேண்டும். உன் பரு தாடையோரம் வருகிறது என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. நெற்றிப் பக்கமும் காதுக்கு முன்னாலும் கழுத்திலும் சாம்பல் பழுப்பாகப் படர்கிற கருமை. தலைச்சாயம், குங்குமம், வாசனைத் தைலம் இவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம். லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். இது இரண்டிலும் தோலுக்குள் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஆசிட் போட்டால் இன்னும் கிளறிவிடுவதுதான் மிச்சம். எங்கள் பெரியம்மாவுக்கு நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தைச் சுற்றிக் கருத்து வந்தது. முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்ததில் குங்குமத்தில் இருக்கிற சாயம் என்று தெரிந்தது. குங்குமத்தை மாற்றியதும் பரவுவது நின்றது. பீலுக்கு வேலையே இல்லை.

18 ஆகஸ்ட்

யார் யார் இப்போதைக்குத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும், கல்யாணத்துக்குப் பிறகு உடனே குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிசிஏ, ஃபீனால், பெரிய பரப்பில் சாலிசிலிக் இவை கர்ப்ப காலத்தில் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்குச் சாலிசிலிக் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம். உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருபவர்கள் அதைச் சொன்னால், நடு ஆழப் பீலுக்கு முன்னாலேயே வைரஸ் மருந்து கொடுப்பார்கள். தழும்பு தடித்து வளர்கிற உடம்பு, எக்சிமா, முகத்தில் திறந்த புண், எல்லாம் சொல்ல வேண்டியவை.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் பீல்.

இன்னொரு கூட்டம், வெயிலில் நின்றே தீர வேண்டியவர்கள். டெலிவரி வேலை, கள வேலை, காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவது, பைக்கில் நாற்பது கிலோமீட்டர். அந்த வேலை தொடரும் மாதங்களில் பீல் வேண்டாம்.

19 ஆகஸ்ட்

ஐசோட்ரெட்டினாயின் ஆறு மாதக் கணக்கு பழைய கட்டுப்பாடு. 2017இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் சான்றுகளை எல்லாம் திரும்பப் பார்த்து, மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு சொன்னார்கள். நடு ஆழத்துக்கும் ஆழத்துக்கும்தான் பழைய எச்சரிக்கை நிற்கிறது. ஆகவே நேற்றைய வரியை இப்படி வாசியுங்கள்: மாத்திரை எடுக்கிறேன் என்று கட்டாயம் சொல்லுங்கள், காலத்தை டாக்டர் முடிவு செய்யட்டும்.

25 ஆகஸ்ட்

பார்லரில் போட்டால் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். பார்லர் நடத்துபவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் சித்தப்பா மகள் ஒரு பார்லரில் மேலுதட்டுக்கு த்ரெடிங் செய்துகொண்டாள். கையோடு முகத்துக்குப் பீல் போட்டுவிடலாம், ஆஃபர் இருக்கிறது என்றார்கள். த்ரெடிங் செய்த இடத்தில் தோல் ஏற்கெனவே சிராய்த்திருக்கும். அதன் மேல் ஆசிட். எரிகிறது என்று அவள் சொன்னபோது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று பதில் வந்தது. மேலுதட்டில் மீசை மாதிரி ஒரு கருப்புப் பட்டை விழுந்துவிட்டது. அது மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடமும் அவள் துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். எதற்காக? ஒரு சின்னக் கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லாததற்காக.

பீலுக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் த்ரெடிங், வாக்சிங், ப்ளீச், ஸ்க்ரப் எதுவும் கூடாது. கிளைக்காலிக்கை நேரம் பார்த்துச் சமப்படுத்த வேண்டும், சோடாக் கரைசலோ நிறையத் தண்ணீரோ விட்டு. அது தானாக நிற்காது. கடிகாரத்தைவிட முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்காவது வெளுக்கிறதா, திட்டாகச் சிவக்கிறதா என்று. வெளுத்தால் அந்த இடத்தில் உடனே நிறுத்தத் தெரிய வேண்டும், கருமை விழுந்தால் மருந்து எழுதவும் தெரிய வேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்காகத்தான் தோல் மருத்துவம் படித்தவரிடம் போகச் சொல்கிறேன். போர்டில் எம்டி டிவிஎல் அல்லது டிடிவிஎல் என்று இருக்கிறதா என்று பார். வெறும் காஸ்மெட்டாலஜி டிப்ளமோ என்றால் எம்பிபிஎஸ் இருக்கிறதா என்று கேள். கேட்பதில் வெட்கம் என்ன? உன் முகம்.

பேக்கேஜ் எனக்குப் பிடிக்காததற்கும் காரணம் இதுதான். ஆறு சிட்டிங் பணத்தை முன்னாலேயே வாங்கிவிட்டால், மூன்றாவது தடவை உன் தோல் சிவந்து கிடந்தாலும் இன்று வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கும் மனசு வராது, திரும்பிப் போக உனக்கும் மனசு வராது. ஒவ்வொரு தடவையும் அன்றைய முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

6 செப்டம்பர்

நம் திருநெல்வேலித் தங்கச்சி டாக்டரைப் பார்த்துவிட்டாள். பருவுக்கு மருந்து, காலையில் சன்ஸ்கிரீன், பீலைப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். நல்ல டாக்டர்.

சன்ஸ்கிரீன் வெள்ளையாகப் பூச்சு மாதிரித் தெரிகிறது என்கிறாள். நிறம் கலந்தது வாங்கும்மா. அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும். நம் நிறத்தில், முக்கியமாக மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே கருமையைத் தூண்டும். வெறும் எஸ்பிஎஃப் எண் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு தடுக்கும்.

20 அக்டோபர்

தீபாவளி வருகிறது, முகம் பளிச்சென்று இருக்க மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், ஒரே வாரத்தில் வெளுத்தது, பீலே வேண்டாம் போலிருக்கிறது என்று ஒருவர் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு.

மூன்று மருந்து கலந்த க்ரீமுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிளிக்மனும் வில்லிஸும் 1975இல் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்கு மருந்து சொன்னார்கள். டாக்டர் கையில் சில வாரங்களுக்கு அது நல்ல மருந்து. நம் ஊரில் அதே மாதிரிக் கலவையைச் சீட்டு இல்லாமல் வாங்கி வருடக்கணக்கில் ஃபேர்னஸ் க்ரீமாகத் தடவுகிறார்கள். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பூனைமுடி வளர்ந்து, நிறுத்தினால் முகம் தீயாக எரியும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்து, சங்கத்தில் தனிக்குழு அமைத்துப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முகத்தில் பீல் போடவே கூடாது. மெலிந்த தோலில் ஆசிட் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் க்ரீமையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் டியூபையே எடுத்துக்கொண்டு போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

9 நவம்பர்

தங்கச்சிக்குப் பரு அடங்கிவிட்டது. அடுத்த வாரம் முதல் பீல், மேன்டெலிக் என்று சொல்லியிருக்கிறார்களாம். கிளைக்காலிக்தானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று கேட்கிறாள். கிளைக்காலிக்கின் மூலக்கூறு சின்னது, வேகமாக உள்ளே போகும். மேன்டெலிக் அதைவிடப் பெரியது, மெதுவாகப் போகும், அதனால் எரிச்சல் குறைவு, கருமை விழும் ஆபத்தும் குறைவு. உன் நிறத்துக்கும் பருவுக்கும் அது நல்ல தேர்வு.

அன்று என்ன நடக்கும் என்றும் கேட்டாள். முகத்தைக் கழுவி, ஸ்பிரிட் மாதிரி ஒன்றால் எண்ணெயை எடுப்பார்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் எல்லாம் வாசலின் தடவுவார்கள், அங்கே ஆசிட் தேங்கினால் புண்ணாகும். அப்புறம் பிரஷ்ஷால் ஆசிட். சுருசுருவென்று ஏறும். பக்கத்தில் ஒருவர் விசிறிக்கொண்டே இருப்பார், அல்லது சின்ன ஃபேனைப் பிடிப்பார்கள். அந்தக் காற்று எவ்வளவு பெரிய ஆறுதல் என்று படுத்திருக்கும்போது தெரியும். பொறுக்க முடிகிற எரிச்சல் சரி. ஒரே இடத்தில் மட்டும் கூர்மையாக எரிந்தால் உடனே வாய் திறந்து சொல். பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை.

பிறகு சில நாள் தோல் இழுத்துப் பிடிக்கும், வாயோரமும் தாடையும் முதலில் உதிரும். பிய்க்காதே. பிய்த்த இடம்தான் கருக்கும். சோப்பு இல்லாத க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன், இவை மட்டும். ராத்திரி க்ரீமை எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொள்.

எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மங்கு பீலில் நன்றாக வெளுத்தது, அடுத்த சித்திரை வெயிலில் திரும்பி வந்தது, முன்பு இருந்த அளவுக்கு இல்லை. மங்கு அப்படித்தான், அது அடங்கும், ஒழியாது. பருக் கறை அப்படி இல்லை. பரு திரும்ப வராவிட்டால் போன கறை போனதுதான். அதனால் உன்னைவிட எனக்குத்தான் பீலில் யோசிக்க நிறைய இருந்தது. இன்று கேட்டால் போட்டது சரி என்றுதான் சொல்வேன், ஆனால் சன்ஸ்கிரீனும் தொப்பியும் செய்ததில் பாதிகூடப் பீல் செய்யவில்லை.

12 நவம்பர்

தொப்பி போட்டுக்கொண்டு மார்க்கெட் போவீர்களா என்று கேட்டவருக்கு: போவேன். முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள். இப்போது காய்க்காரம்மா எங்கே வாங்கினாய் என்று கேட்டுத் தானும் ஒன்று வாங்கிவிட்டார்.

28 டிசம்பர்

கல்யாணத் தேதி தை கடைசி வாரம். கடைசிப் பீல் எப்போது? முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே முடித்துவிடு. ஏதாவது கருமை விழுந்தால் சரி செய்ய அவகாசம் வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு டச் அப் போடலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

நலங்கை யாரும் நினைப்பதில்லை. மஞ்சளும் சந்தனமும் கன்னத்தில் தேய்ப்பார்கள், பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். அத்தைமார்கள் பாசத்தில் அழுத்தித்தான் தேய்ப்பார்கள். அப்புறம் மணிக்கணக்கில் மேக்கப், ஹோமத் தீயின் முன்னால் உட்காருவது. பீல் போட்டு இன்னும் ஆறாத தோலுக்கு இது எல்லாமே காயம். உன் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வை, கன்னத்தில் தொட்டு வைத்தால் போதும், கைகாலில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசட்டும்.

16 பிப்ரவரி 2025

கல்யாணம் நல்லபடி முடிந்ததாம். புள்ளிகளில் முக்கால்வாசி மங்கிவிட்டன, இரண்டு மூன்று குழி இருக்கிறது, அதோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது கேள்வி, மாதாமாதம் ஒன்று போட்டுக்கொண்டே இருக்கலாமா என்பது. உனக்குத் தேவையில்லைம்மா. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நாலைந்து தடவை போடுவது ஒரு கறையைப் போக்கத்தான். கறை போனதும் நிறுத்து. ஹைட்ரோகுவினோன் க்ரீம் மீதி இருந்தால் அதையும் டாக்டர் சொன்ன நாளில் நிறுத்திவிடு. வருடக்கணக்கில் தடவினால் நீலக் கருப்பாக ஒரு நிறம் படியும், அதை எடுப்பது மிகவும் கடினம்.

தொடர வேண்டியது பருவுக்கான மருந்து, டாக்டர் சொல்லும் வரை. அப்புறம் சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், காலையும் மதியமும். அப்படிப் போட்டால் ஐம்பது கிராம் டியூப் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். உன்னுடையது மூன்று மாதம் வருகிறது என்றால் அளவு பற்றவில்லை, வரப்போவது பங்குனியும் சித்திரையும்.